உறைக்குள் ஒரு காடு: ஜொகூர் காளான்களும் கார்னரும்

பெக்கோக் சின்ன ஊர். கெமாஸிலிருந்து ஜொகூர் பாருவுக்கு 1909-இல் முழுமையாகத் திறக்கப்பட்ட இரும்புப்பாதையில், லாபிஸுக்கும் பாலோவுக்கும் நடுவே வரும் ஒரு நிறுத்தம். ஊரைச் சுற்றி ஒரு காலத்தில் ரப்பர், இப்போது செம்பனை. இன்னொரு பக்கம் காடு. சுங்கை பந்தாங் அருவிக்குக் குளிக்கப் போகிறவர்கள் அந்தக் காட்டின் விளிம்பைத்தான் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். இன்னும் உள்ளே போனால் ஜக்கூன் மக்களின் கிராமங்கள், செலாய் நுழைவாயில், அப்புறம் எண்டாவ்-ரொம்பின் தேசியப் பூங்கா.

இந்த ஊரில் வளர்ந்த எனக்குக் கொஞ்ச காலமாக ஒரு கேள்வி உண்டு. மழைக்கு மறுநாள் முளைத்து, அதற்கு மறுநாள் கூழாகிப் போகிற காட்டுக் காளான்களை யார் எழுதி வைத்தார்கள்? மரம் நிற்கும், இன்று பார்க்காவிட்டால் அடுத்த வருடம் வந்து பார்க்கலாம். இலையைச் செய்தித்தாளில் அழுத்தி வைத்தால் இருநூறு வருடம் இருக்கும். காளான் அப்படியில்லை. காலையில் பறித்ததைச் சாயங்காலம் பையிலிருந்து எடுத்தால் நிறம் போயிருக்கும், வாசம் மாறியிருக்கும், சில சமயம் புழு மட்டும் மிஞ்சியிருக்கும். இப்படிப்பட்ட ஒன்றை ஹெர்பேரியத்தில், அதாவது உலர்தாவரக் காப்பகத்தில், சேர்த்து வைக்க ஒருவன் எவ்வளவு பிடிவாதக்காரனாக இருக்க வேண்டும்?

அப்படி ஒரு பிடிவாதக்காரர் ஜொகூரில் நடமாடியிருக்கிறார். அவருடைய கதையைப் படிக்கப் படிக்க, அதன் ஓரத்தில் நம்முடைய கதையும் ஓடுவது தெரிந்தது. ஆனால் அது எந்த உறைக்குள்ளும் போகவில்லை.

அடுப்பில் பூத்தது

தமிழில் காளானுக்குப் பழைய பெயர் ஆம்பி. புறநானூற்றின் 164-ஆம் பாட்டில் பெருந்தலைச் சாத்தனார் குமணனிடம் தன் வீட்டு வறுமையைச் சொல்கிறார். சமைத்துப் பல நாளான அவர் வீட்டு அடுப்பில் ஆம்பி முளைத்திருக்கிறது. சிறுபாணாற்றுப்படையில் வரும் பாணனின் சமையலறையும் இடிந்து கிடப்பதுதான். அங்கே சுவரைக் கரையான் அரித்திருக்கிறது, அந்தப் புழுதியில் காளாம்பி பூத்திருக்கிறது. வறுமையைக் காட்ட வந்த புலவர் கரையானையும் காளானையும் ஒன்றாகப் பார்த்திருக்கிறார் என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது. கரையான் புற்றுக்குள் வளரும் பூசணங்களைப் பற்றி டாம் பெட்ச் என்ற பூசணவியலாளர் இலங்கையின் பேராதனைத் தாவரவியல் பூங்காவிலிருந்து 1906-இல் விரிவாக எழுதினார். ரோஜே ஏம் என்ற பிரெஞ்சுக்காரர் 1942-இல் அந்தக் காளான் கூட்டத்துக்கு டெர்மிட்டோமைசஸ் என்று பெயர் வைத்தார். நாம் புற்றுக்காளான் என்று சொல்லிக்கொண்டிருந்தோம்.

ஆக நம் இலக்கியத்தில் காளான் என்றால் சோறு இல்லாத வீடு. தோட்டத்திலும் கிட்டத்தட்ட அதே கதைதான். மழை பெய்தால் மரப்பட்டை நனைந்துவிடும், பால் கோட்டில் நிற்காமல் வழிந்துவிடும், வெட்டு கிடையாது. வெட்டு இல்லையென்றால் கூலி இல்லை. என் பாட்டி சொல்வார்: "மழ புடிச்சிக்கிச்சின்னா பால்வெட்டு நின்னுரும்யா. கையில காசு இருக்காது. அன்னிக்கின்னு பாத்துத்தான் காளான் மொளைக்கும். சாமி குடுக்குறதுன்னு நெனச்சிக்குவோம்." லயத்துப் பெண்கள் கூடை எடுத்துக்கொண்டு புற்றுப் பக்கமும் விழுந்த ரப்பர்க் கட்டைகளின் பக்கமும் போவார்கள். கூட்டமாகப் பொடிப்பொடியாக முளைத்திருந்தால் அரிசிக்காளான். செத்த ரப்பர்க் கட்டையில் விசிறி மாதிரி சின்னதாக, அடியில் சீப்புப் பல் போலக் கோடு கோடாக ஒட்டியிருப்பதை மலாய்க்காரர்கள் குலாட் சிசிர் என்பார்கள். சிசிர் என்றால் சீப்பு. பெயரிலேயே அடையாளம் இருக்கிறது.

வேரைத் தின்ற பூசணம்

மலாயாவில் காலனி அரசு பூசணங்களைக் கவனமாகப் பதிவு செய்ததற்குப் பெரிய காரணம் அழகும் அல்ல, பசியும் அல்ல. ரப்பர் மரம் செத்தது.

சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவை 1888 முதல் 1911 வரை நடத்திய ஹென்றி ரிட்லிதான் மலாயாவுக்கு ரப்பர் பைத்தியத்தை ஏற்றிவிட்டவர். நம் முன்னோர் கப்பல் ஏறியதற்கு அவரும் ஒரு காரணம். அதே ரிட்லிதான் 1904-இல் ரப்பர் மரத்தின் வேரை அழிக்கும் ஒரு பூசணத்தைப் பற்றி முதலில் எழுதியவரும். வெள்ளை வேர் நோய் என்று அது பின்னால் பெயர் எடுத்தது. மண்ணுக்கடியில் வெள்ளை நூல் போல வேரைச் சுற்றிக்கொண்டு ஓடும். மரம் வாடிச் சாயும்போது அடிமரத்தில் ஆரஞ்சு நிறத் தட்டுக்காளானாக வெளியே தலைகாட்டும். அதன் அறிவியல் பெயர் பல முறை மாறி, இப்போது ரிஜிடோபோரஸ் மைக்ரோபோரஸ் என்று நிற்கிறது.

இந்தப் பூசணம் காட்டிலிருந்து வந்ததுதான். காட்டை வெட்டி எரித்துவிட்டு, கட்டைகளை மண்ணிலேயே விட்டு, அதற்கு மேல் ரப்பர்க் கன்று நட்டார்கள். செத்த காட்டுமர வேரிலிருந்து பூசணம் ரப்பர் வேருக்குத் தாவியது. தடுக்க வழி ஒன்றுதான்: கட்டையைத் தோண்டி எடுக்க வேண்டும், நோய் பிடித்த மரத்தைச் சுற்றிப் பள்ளம் வெட்டிப் பிரிக்க வேண்டும், வேரைத் தோண்டிப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். 1925-இல் ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் உருவான பிறகு இதெல்லாம் பக்கம் பக்கமாக அறிக்கைகளில் வந்தது. தோண்டிய கைகளில் பெரும்பகுதி தமிழ்க் கைகள். வெள்ளை நூலை மண்ணோடு கையில் எடுத்துப் பார்த்தவர்கள் அவர்கள். எந்த மண்ணில் அது வேகமாக ஓடும், எந்தக் கட்டையிலிருந்து கிளம்பும் என்று அவர்களுக்குத் தெரியாமல் இருந்திருக்குமா? அறிக்கையில் அவர்கள் கூலிச்செலவாக மட்டும் வருகிறார்கள்.

இருபத்து மூன்று வயதுக்காரர்

1929-இல் சிங்கப்பூர் பூங்காவுக்கு உதவி இயக்குநராக எட்ரெட் ஜான் ஹென்றி கார்னர் வந்து சேர்ந்தபோது அவருக்கு வயது 23. கேம்பிரிட்ஜில் படித்தவர். இவருக்குக் காளான் மேல் இருந்த பிடிப்பு நோயைத் தடுப்பதற்காக வந்ததல்ல. காட்டில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

அவர் திரும்பத் திரும்பப் போன இடம் ஜொகூரின் தென்கிழக்கு. பெக்கோக்கிலிருந்து சுமார் நூறு கிலோமீட்டர் தள்ளி, கோத்தா திங்கி பக்கம் மாவாய் என்ற ஊர், அதையொட்டி ஓடும் சுங்கை செடிலி, அதன் கரையெங்கும் நன்னீர்ச் சதுப்புக்காடு. மழைக்காலத்தில் தண்ணீர் ஏறி மரத்தின் இடுப்புவரை நிற்கும் காடு.

அந்தக் காட்டில் காளான் சேகரிப்பது எப்படிப்பட்ட வேலை? இன்றும் பெரிதாக மாறிவிடாத அந்த வேலையைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன்.

காளானைப் பிடுங்கக் கூடாது. கத்தியால் மண்ணோடு சேர்த்துத் தோண்டி எடுக்க வேண்டும், ஏனென்றால் தண்டின் அடியில் பை போன்ற உறை இருக்கிறதா இல்லையா என்பதில்தான் பாதி அடையாளம் இருக்கிறது. பிளாஸ்டிக் பையில் போட்டால் வியர்த்து அழுகும். தாளில் சுற்ற வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். எண்ணுக்கு நேரே நோட்டில் எழுத வேண்டும்: இடம், தேதி, எந்த மரத்தடி, மண்ணிலா கட்டையிலா, தொப்பியின் நிறம், ஈரத்தில் ஒரு நிறம் காய்ந்தால் வேறு நிறமா, வெட்டினால் நீலமாகிறதா, பால் வடிகிறதா, என்ன வாசம். சிலர் துளி மென்று பார்த்துத் துப்பிவிட்டு ருசியையும் எழுதுவார்கள். கூடாரத்துக்கு வந்ததும் தொப்பியை வெட்டித் தாளின்மேல் கவிழ்த்து வைத்தால் காலைக்குள் தாளில் பொடி விழுந்திருக்கும். அதன் நிறம் வெள்ளையா, இளஞ்சிவப்பா, பழுப்பா, கறுப்பா என்று பார்க்க வேண்டும். பிறகுதான் மெதுவான சூட்டில் உலர்த்தி உறையில் போடுவது.

உலர்ந்த காளானைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது எதைப் போலவும் இருக்காது. சுருங்கிய பழுப்புத் துண்டு. அதனால் காளான் விஷயத்தில் உறைக்குள் இருக்கும் பொருள் பாதிதான். மீதிப் பாதி அந்தச் சீட்டிலும் நோட்டிலும் இருக்கிறது. அன்று சாயங்காலத்துக்குள் எழுதாமல் விட்டது இனி எழுத முடியாதது. கார்னர் இதை நன்றாக உணர்ந்தவர். காளான்களைச் சாராயமும் ஃபார்மலினும் கலந்த திரவத்தில் போட்டு வைத்தார், அதற்கு முன்னால் அவற்றை நீர்வண்ணத்தில் வரைந்துவைத்தார்.

அவருடைய பெரிய கண்டுபிடிப்பு ஒன்று மிகச் சாதாரணமான காளானிலிருந்து வந்தது. பந்தாங்குக்குப் போகிற வழியில் விழுந்து கிடக்கும் எந்தச் சுள்ளியிலும் பார்க்கலாம்: சின்னப் புனல் மாதிரி, பழுப்பு வளையங்களோடு, மஞ்சள் காலோடு நிற்கும். இன்றைய பெயர் மைக்ரோபோரஸ் சாந்தோபஸ். 1932-இல் கார்னர் இதைக் கூறு போட்டு நுண்ணோக்கியில் பார்த்து, இதன் உடல் ஒரே மாதிரியான இழைகளால் ஆனதல்ல என்று காட்டினார். வளரும் இழை ஒன்று, தூணாக நிற்கும் கெட்டியான இழை ஒன்று, இவற்றைக் கட்டிப்போடும் கிளைத்த இழை ஒன்று. அன்றிலிருந்து உலகம் முழுவதும் தட்டுக்காளான்களை அடையாளம் காண்பவர்கள் முதலில் கேட்கும் கேள்வியே 'இதில் எத்தனை வகை இழை?' என்பதாகிவிட்டது. ஐரோப்பாவின் காட்டில் நின்று ஒருவர் இன்றைக்கும் கேட்கிற கேள்வி மலாயாச் சுள்ளி ஒன்றிலிருந்து கிளம்பியது.

குரங்குக்குப் பெயர் உண்டு

கார்னரைப் பற்றி அதிகம் பேசப்படுவது காளானுக்காக அல்ல, குரங்குக்காக. உயர்ந்த மரங்களின் உச்சியிலிருந்து பூவும் காயும் பறித்துவர, கிளந்தானில் தேங்காய் பறிக்கப் பழக்கும் பெரோக் குரங்குகளை அவர் பயன்படுத்தினார். அவற்றில் மேரா என்ற குரங்கின் பெயர் இன்றும் சொல்லப்படுகிறது. 1992-இல் அந்தக் குரங்குகளுக்கென்றே தனிப் புத்தகமும் எழுதினார்.

மனிதர்களில் சிலர் பெயரும் இருக்கிறது. பூங்காவின் சேகரிப்பாளர்களான முகமது நூர், கியா, ங்காடிமான் ஆகியோரைத் தாவரவியல் வரலாறு மறக்கவில்லை. பூங்காவின் மாதிரிகளுக்குச் சிங்கப்பூர் கள எண் என்ற தொடர் எண் வரிசை இருந்தது. பெயரோடும் எண்ணோடும் அவர்களுடைய உழைப்பு இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. அதாவது, எழுதினால் பெயர் நிற்கும். ஆனால் செடிலியில் படகு தள்ளியவர், முகாமுக்கு விறகு வெட்டியவர், 'அங்கே அந்த மரத்தடியில் போய்ப் பாருங்கள்' என்று கை காட்டிய உள்ளூர்க்காரர், இவர்களுக்குச் சீட்டில் இடம் இல்லை. சேகரிப்பவர் என்று ஒரு வரிதான் அதில் உண்டு. கண்டுபிடித்துக் காட்டியவர் என்று ஒரு வரி கிடையாது.

இதற்கு ஒரு நல்ல எடுத்துக்காட்டு புலிப்பால் காளான். மலாயில் சென்டாவான் சூசு ரிமாவ். புலி தன் குட்டிக்குப் பால் கொடுக்கும்போது மண்ணில் சிந்திய இடத்தில் முளைப்பது என்பது நம்பிக்கை. மண்ணுக்கடியில் கிழங்கு போல இருக்கும் பகுதியை இருமலுக்கும் மூச்சிரைப்புக்கும் ஓராங் அஸ்லி மக்கள் தலைமுறை தலைமுறையாக உரைத்துக் குடித்துவருகிறார்கள். லண்டன்வாசியான ஜான் ஈவ்லின் 1664-ஆம் வருட நாட்குறிப்பிலேயே இந்தப் புலிப்பாலைப் பற்றி எழுதியிருக்கிறார். 1879-இல் பினாங்கிலிருந்து போன மாதிரியை வைத்து குக் என்ற ஆங்கிலேயர் அதற்கு அறிவியல் பெயர் கொடுத்தார். அந்தப் பெயரின் பொருள் காண்டாமிருகம். ஊர்க்காரர் சொன்ன புலி போய், அறிவியல் பெயரில் காண்டாமிருகம் வந்து உட்கார்ந்துகொண்டது.

1943

1942 பிப்ரவரி 15-ஆம் தேதி சிங்கப்பூர் ஜப்பானியர் கையில் விழுந்தது. கார்னர் ஆளுநரின் குறிப்பு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு ஜப்பானியரிடம் போய், அருங்காட்சியகத்தையும் தாவரவியல் பூங்காவையும் காப்பாற்றுங்கள் என்று கேட்டார். தனகடாதே என்ற நிலவியல் பேராசிரியரும் பிறகு தோகுகாவா பிரபுவும் அதற்கு ஆதரவாக நின்றார்கள். மற்ற வெள்ளைக்காரர்கள் சாங்கிச் சிறையில் பட்டினி கிடந்தபோது கார்னர் பூங்காவில் வேலை செய்தார். போருக்குப் பிறகு துரோகி என்ற பேச்சும் கேட்டார். 1981-இல் 'தி மார்க்விஸ்' என்ற நூலில் தன் பக்கத்தை எழுதினார். ஹெர்பேரியம் பிழைத்தது. உறைகள் பிழைத்தன, எண்கள் பிழைத்தன.

நான் கார்னரைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. அவர் காப்பாற்றியது இன்று நமக்கும் சொத்து. ஆனால் அதே ஆண்டுகளில் நடந்த இன்னொன்றைத் தள்ளிவைத்துவிட்டு இதைப் படிக்க என்னால் முடியவில்லை. 1943-இல் மலாயாத் தோட்டங்களிலிருந்து ஆயிரமாயிரமாகத் தமிழர்களை ரயிலேற்றிச் சயாம்–பர்மா பாதை போடக் கொண்டுபோனார்கள். ஜொகூர்த் தோட்டங்களிலிருந்தும் போனார்கள். காஞ்சனபுரியில் போர்க்கைதிகளின் கல்லறைகளில் வரிசை வரிசையாகப் பெயர், வயது, படைப்பிரிவு, தேதி எல்லாம் இருக்கின்றன. அதே பாதையில் அதே காய்ச்சலில் செத்த நம் ஆட்களில் பெரும்பாலோருக்குக் கல்லும் இல்லை, சீட்டும் இல்லை. எங்கள் வீட்டில்கூடப் பேச்சு வந்தால் "சயாமுக்குப் போனவுக வரல" என்பதோடு முடிந்துவிடும். எந்த முகாம், எந்த மாதம், ஒன்றும் கிடையாது. மாவாய்க் காட்டில் பறித்த ஒரு காளானுக்குத் தேதி இருக்கிறது.

பதிவு என்பது எவ்வளவு பெரிய சலுகை என்று எனக்குப் புரிந்தது இந்த இடத்தில்தான்.

அறுபது வருடம் காத்திருந்த காளான்கள்

போருக்குப் பிறகு கார்னர் மலாயாவை விட்டுப் போனார். கேம்பிரிட்ஜில் உட்கார்ந்து, ஜொகூரிலும் சிங்கப்பூரிலும் சேர்த்த குப்பிகளையும் நோட்டுகளையும் படங்களையும் ஒவ்வொன்றாகப் பிரித்தார். 1950-இல் பவளக்காளான்களைப் பற்றி எழுநூறு பக்கம் தாண்டிய நூல். 1962-இல் நெதர்லாந்தின் கார்னேலிஸ் பாஸுடன் சேர்ந்து சிங்கப்பூர்–மலாயாவின் அமனிட்டா காளான்கள். 1966-இல் இன்னொன்று. 1972-இல் 'பொலிட்டஸ் இன் மலேசியா'. 1994-இல், 88 வயதில், தொப்பிக்காளான்களைப் பற்றிய நூல். 1930-களில் பறித்தவற்றில் சில அறுபது வருடம் கழித்துத்தான் பெயர் பெற்றன. 1996-இல் அவர் இறந்தார். அவருடைய காளான் சேகரிப்பு இப்போது ஸ்காட்லாந்தில், எடின்பரோ தாவரவியல் பூங்காவில் இருக்கிறது.

அறிவியலில் ஒரு புதிய இனத்துக்குப் பெயர் வைக்கும்போது ஏதாவது ஒரு மாதிரியைக் காட்டி 'இந்தப் பெயர் இதற்குத்தான்' என்று சொல்ல வேண்டும். அதை மூலமாதிரி என்பார்கள். பிற்காலத்தில் சந்தேகம் வந்தால் அந்த உறையைத்தான் திறந்து பார்க்க வேண்டும். ஜொகூரில் முளைத்த ஒரு காளான் கார்னர் பெயர் வைத்த அதே காளானா என்று ஜொகூர்க்காரர் ஒருவர் சரிபார்க்க நினைத்தால், அவர் எடின்பரோவுக்குக் கடிதம் எழுத வேண்டியிருக்கும்.

சரி, உறையை விட்டுவிட்டு நேரே மாவாய்க் காட்டுக்கே போய்ப் பார்க்கலாமே என்றால், அதுவும் லேசில்லை. 1978-இல் தென் ஜொகூர், சிங்கப்பூர் நன்னீர்ச் சதுப்புக்காடுகளைப் பற்றிக் கார்னர் தனி நூல் வெளியிட்டார். எழுதும்போதே அவர் நடந்த காட்டின் பெரும்பகுதி வெட்டப்பட்டுவிட்டது.

காடு போனால் காளான் வேறு எங்காவது போய் முளைக்காதா என்று கேட்கலாம். சிலது முளைக்கும், பலது முளைக்காது. மெராந்தி, கெருயிங் போன்ற பெருமரங்களின் வேர் நுனியைச் சில பூசணங்கள் உறை போலச் சுற்றியிருக்கும். பூசணம் மரத்துக்கு நீரும் உப்புச்சத்தும் கொண்டுவந்து கொடுக்கும், மரம் பூசணத்துக்குச் சர்க்கரை கொடுக்கும். கார்னர் வரைந்த அமனிட்டாக்களும் பொலிட்டஸ்களும் பெரும்பாலும் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவை. பின்னால் எடின்பரோவின் ராய் வாட்லிங்கும் கெப்போங் வன ஆராய்ச்சிக் கழகத்தின் லீ சூ சீயும் சேர்ந்து தீபகற்ப மலேசியாவில் இந்த உறவைப் பட்டியல் போட்டு எழுதினார்கள். ரப்பரும் செம்பனையும் இந்த உறவு வைத்துக்கொள்ளாத மரங்கள். அதனால் தோட்டத்தில் நமக்குக் கிடைத்ததெல்லாம் கட்டை தின்னும் காளானும் கரையான் வளர்க்கும் காளானும்தான். பாட்டியின் கூடையும் கார்னரின் குப்பியும் சந்திக்கவே இல்லை. முன்னது காடு அழிந்த பிறகு முளைத்தது. பின்னது காடு அழியும்போது கூடவே போனது.

நம் பக்கத்துக் காடு

எண்டாவ்-ரொம்பின் தப்பித்தது தற்செயலாக அல்ல. 1977-இல் பகாங் பக்கம் மரம் வெட்ட அனுமதி கொடுக்கப்பட்டபோது நாடு முழுவதும் எதிர்ப்புக் கிளம்பி, வெட்டு நிறுத்தப்பட்டது. 1985–86-இல் மலாயா இயற்கைக் கழகம் அங்கே ஓர் அறிவியல் பயணத்தை நடத்தியது. விஞ்ஞானிகளோடு சாதாரண ஆட்களும் காட்டுக்குள் போனார்கள். குன்றுகளின் உச்சியில் மட்டும் வளரும் விசிறிப்பனை ஒன்று 1987-இல் லிவிஸ்டோனா எண்டாவென்சிஸ் என்று பெயர் பெற்றது. 1993-இல் ஜொகூர் பக்கம் சுமார் 489 சதுர கிலோமீட்டர் தேசியப் பூங்காவானது. சேகரித்து, எண் போட்டு, பெயர் வைத்ததுதான் அந்தக் காட்டுக்காகப் பேசியது. 'காடு அழகாக இருக்கிறது' என்றால் அதிகாரி கேட்க மாட்டார். 'இது உலகத்தில் இங்கே மட்டும்தான் இருக்கிறது, இதோ மாதிரி' என்றால் கொஞ்சம் நின்று கேட்பார்.

காளான்களில் இன்னும் வேலை மலை போல இருக்கிறது. உலகத்தில் 22 லட்சத்திலிருந்து 38 லட்சம் பூசண இனங்கள் இருக்கலாம் என்று 2017-இல் ஹாக்ஸ்வொர்த்தும் லூக்கிங்கும் கணித்தார்கள். அப்போது பெயர் வைக்கப்பட்டிருந்தவை ஒன்றரை லட்சத்துக்கும் குறைவு. சரவாக்கின் லம்பிர் மலையில் 2010-இல் கிடைத்த, பஞ்சு போலப் பிழிந்தால் நீர் வடிகிற ஆரஞ்சுக் காளான் ஒன்றுக்கு, அடுத்த வருடம் ஸ்பாஞ்ச்பாப் கார்ட்டூனின் பெயரையே வைத்தார்கள். நாம் தொலைக்காட்சியில் பார்த்த பெயர், நம் நாட்டுக் காட்டுக் காளானுக்கு.

தேசியப் பூங்காவுக்குள் போய் யார் வேண்டுமானாலும் தோண்ட முடியாது, அனுமதி வேண்டும். உயிரியல் வளங்களை எடுப்பதற்கும் பலனைப் பகிர்வதற்கும் 2017-இல் சட்டம் இயற்றப்பட்டு 2020 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. ஓராங் அஸ்லி மக்களின் அறிவைப் பயன்படுத்தினால் அவர்களிடம் முதலில் கேட்க வேண்டும் என்கிறது அது. கை காட்டியவருக்கு ஒரு வரி என்பது இப்போது சட்டத்திலாவது இருக்கிறது.

தோட்டத்துக்கு அப்படி எதுவும் இல்லை. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. லயங்கள் காலியாகி ஆட்கள் கூலாய்க்கும் ஜொகூர் பாருவுக்கும் சிங்கப்பூருக்கும் போனார்கள். செம்பனைக் குலையின் சக்கைக் குவியலில் இப்போது ஒரு காளான் முளைக்கிறது. மலாய்க்காரர்கள் சென்டாவான் சாவிட் என்று விற்கிறார்கள். எங்கள் ஊர் அத்தை ஒருவர் அதை முட்டைக்காளான் என்பார், சின்ன வயதில் முட்டை மாதிரி உறைக்குள் மூடியிருப்பதால். நல்ல பெயர். ஆனால் உறை கிழித்து வரும் காளான் அது ஒன்று மட்டும் இல்லை. உயிரைக் குடிக்கும் அமனிட்டாக்களும் முட்டையாகத்தான் தொடங்கும். இரண்டையும் பிரிப்பது தாளில் விழும் பொடி: சக்கைக் காளானுக்கு இளஞ்சிவப்பு, அமனிட்டாவுக்கு வெள்ளை. அத்தைக்கு இடம் தெரியும், குலைச்சக்கையில் வருவதைத்தான் எடுப்பார். "காட்டுல மொளச்சா தொடக்கூடாது" என்பார். அவர் சொன்ன பெயரை மட்டும் எழுதிவைத்து அந்த இரண்டாவது வாக்கியத்தை விட்டுவிட்டால், என்றோ ஒருநாள் அதைப் படித்துவிட்டு ஒருவர் செத்துப்போகலாம்.

எடின்பரோவில் மாதிரி இருக்கிறது, நம் பெயர் இல்லை. நம் வாயில் பெயர் இருக்கிறது, மாதிரி இல்லை. இரண்டும் ஒரே சீட்டில் சேர்ந்தால்தான் பதிவு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் நடராஜனும் ராமனும் 1983-இல் தென்னிந்தியத் தொப்பிக்காளான்களைப் பற்றி நூல் எழுதினார்கள்; அங்கே அந்த வேலை நடந்திருக்கிறது. மலாயாத் தமிழர் வாயில் புழங்கிய காளான் பெயர்களுக்கு யாரும் இன்னும் உறை செய்யவில்லை.

அதனால் இப்போதெல்லாம் வயதானவர்களைப் பார்க்கும்போது நான் ஐந்து கேள்வி வைத்திருக்கிறேன். என்ன பெயர் சொல்வீர்கள்? எதன்மேல் முளைக்கும்? எந்த மாசம்? எப்படிச் சமைப்பீர்கள்? எதைத் தொடக் கூடாது? பதிலோடு ஊர், தேதி, சொன்னவர் பெயர். அடுத்த மழையில் அதே இடத்தில் அதே காளான் முளைத்தால் படம் எடுத்து, பாதி வெள்ளை பாதி கறுப்பாக இருக்கும் தாளில் ஒரு தொப்பியைக் கவிழ்த்துவைப்பது. முட்டைக்காளானுக்கு அத்தை சொன்ன எல்லாவற்றையும் எழுதியாகிவிட்டது. "எம் பேர எதுக்குய்யா எழுதுற, ஊருக்கே தெரிஞ்ச சங்கதிதானே" என்றார். ஊருக்கே தெரிந்ததால்தான் இதுவரை ஒருவரும் எழுதவில்லை.